போடி என்றொரு தீம்

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரத்தில் சல்லடைக்குத் தனி மரியாதை உண்டு. 8 மில்லிமீட்டருக்கு மேல் நிற்கும் காய் ஒரு ரகம், 7க்கும் 8க்கும் இடைப்பட்டது இன்னொரு ரகம். ஒரு மில்லிமீட்டரில் விலை மாறிவிடும்.

அதே ஊருக்குத் தென்மேற்கே, பொட்டிப்புரம் கிராமத்தை ஒட்டிய மலைக்காக இயற்பியலாளர்களும் ஒரு மில்லிமீட்டர் கணக்குப் போட்டார்கள். அந்த மலைக்கடியில் அமையவிருந்த இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்குத் திட்டமிட்ட கருவியில் மொத்தம் 50,000 டன் இரும்பு. 151 அடுக்குகள், ஒவ்வொரு தகடும் 56 மில்லிமீட்டர் தடிமன், இரண்டு தகடுகளுக்கு நடுவே 40 மில்லிமீட்டர் இடைவெளி. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை அனுமதி தந்தது. மலையையும் காட்டையும் எண்ணி எழுந்த எதிர்ப்பு, வழக்குகள் என்று நீண்டது. 2022இல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. ஆய்வகம் எழவில்லை.

இப்படி ஒரு கருவியை அரங்கில் இருப்பவர்களுக்கு ஒரே ஸ்லைடில் எப்படிக் காட்டுவது? இயற்பியல், கணிதத் துறைகளில் பலர் இதற்கு நாடுவது ‘பீமர்’. ஜெர்மன் மொழியில் புரொஜெக்டரைத்தான் பீமர் என்கிறார்கள். டொனால்ட் நூத் 1978இல் கொண்டுவந்த டெக், அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் எழுப்பிய லாடெக் ஆகிய அச்சுக்கோப்பு நிரல்களின் மேல் நிற்பது இது. டில் டாண்டாவ் என்ற ஜெர்மானிய ஆய்வு மாணவர், 2003இல் தன் முனைவர் பட்ட உரைக்காக இதை உருவாக்கினார்.

அவர் செய்த முதல் நல்ல காரியம், தாளைச் சிறிதாக்கியது. பீமர் ஸ்லைடின் வழக்கமான அளவு 128க்கு 96 மில்லிமீட்டர். அகலத்திரைக்கு 160க்கு 90. உள்ளங்கையில் அடங்கும் தாளில் 11 புள்ளி எழுத்தை வைத்துத் திரை முழுக்க விரித்தால், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெளிவாகத் தெரியும்.

எழுதுகிறவர் விஷயத்தை மட்டும் எழுதிக்கொண்டு போகலாம். தோற்றத்துக்கான கட்டளைகள் கோப்பின் தலையில் ஒரே இடத்தில் இருக்கும். வண்ணம், எழுத்துரு, தலைப்பட்டையும் அடிப்பட்டையும் சேர்ந்த வெளிச்சட்டம், பட்டியல் புள்ளிகளும் கட்டங்களும் சேர்ந்த உள்ளமைப்பு என்று தோற்றம் நான்காகப் பிரிந்திருக்கிறது. ஒன்றைத் தொட்டால் மற்றது கலையாது. நான்கும் சேர்ந்த தோற்றத் தொகுப்புக்குத்தான் ‘தீம்’ என்று பெயர்.

‘மாட்ரிட்’ என்ற தீம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்பட்டையில் சம அகலத்தில் மூன்று பெட்டிகள்: பேசுபவர் பெயரும் நிறுவனமும், உரையின் தலைப்பு, தேதியும் பக்க எண்ணும். நம் கல்லூரிப் பெயர்கள் நீளமானவை. மூன்றில் ஒரு பங்கு இடத்தில் அடங்கவே அடங்காது. அடிப்பட்டைக்கான வார்ப்பை மட்டும் புதிதாக எழுதி, நூற்றுக்கு எண்பது பங்கைத் தலைப்புக்கும் இருபதைப் பக்க எண்ணுக்கும் கொடுத்தால் போதும். அறுபது ஸ்லைடு இருந்தாலும் அறுபதும் அந்த நொடியே மாறும். வலது மூலையில் மங்கலாகத் தெரியும் வழிகாட்டிக் குறிகளை நீக்க ஒரு வரி. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் எண் கொடுத்து ஏலக்காய்ப் பச்சையை வரையறுத்து, அதையே அடிப்படை நிறமாக்க இன்னும் இரண்டு வரி. பக்கப்பட்டை வைத்த தீம்களைத் தமிழ் உரைக்குத் தவிர்ப்பதே நல்லது. இருக்கிற அகலத்தையும் அவை தின்றுவிடும்.

தமிழுக்கு அகலம் உயிர். ‘போடிநாயக்கனூரிலிருந்து’ என்ற ஒற்றைச் சொல்லே குறுகிய பத்தியில் ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். படமும் எழுத்தும் அருகருகே வந்தால் எழுத்துக்கு ஐந்தில் மூன்று பங்காவது கொடுக்க வேண்டும். மேலே விலங்கும் கீழே சுழியும் உள்ள எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டாமலிருக்க வரி இடைவெளியையும் சற்றுக் கூட்ட வேண்டும். ஜீடெக் அல்லது லுவாடெக் வழியாக ஓட்டினால் யூனிகோடு தமிழை அப்படியே தட்டச்சு செய்யலாம். பீமர் இயல்பாகவே கொடுக்கில்லாத (சான்ஸ் செரிஃப்) எழுத்துருவைக் கேட்கும். அந்த இடத்துக்கு ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ போன்ற ஒன்றைக் குறிப்பிட மறந்தால் தமிழ் ஒழுங்காக வராது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பீமரோடு வரும் தீம்களில் பெரும்பாலானவற்றுக்கு ஊர்ப்பெயர்களே பெயர்: பெர்லின், வார்சா, கோபன்ஹேகன், மார்பர்க். ஆசியாவிலிருந்து இடம்பெற்ற ஒரே ஊர் சிங்கப்பூர். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் ஊர். இந்திய ஊர் ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் டெக் நமக்குப் புதிதல்ல. மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் 2002இலேயே உலக டெக் பயனர் மாநாடு நடந்திருக்கிறது.

போடியில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கு படிக்கும் ஒரு மாணவியோ மாணவனோ தமிழுக்கேற்ற அகலமும் வரி இடைவெளியும் ஏலக்காய்ப் பச்சையும் கொண்ட தீம் ஒன்றை எழுத முன்வர வேண்டும். பீமர் இலவசம், மாற்றி எழுதவும் பகிரவும் உரிமை உண்டு. கோப்புக்கு ‘பீமர்தீம்போடி’ என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்டு ஸ்லைடுக் கோப்பின் பக்கத்தில் வைத்தால் போதும். தீம் வரியில் ‘போடி’ என்று எழுதியதும் அது வேலை செய்யும்.