விதைப்புக் கருவியில் சென்சார்... கவனம் கரன்ட்டிலும் பெட்டியிலும்!

திண்டிவனம் பக்கத்தில் மானாவாரி நிலக்கடலை போடும் குடும்பம் அது. பொறியியல் படித்த மகன், டிராக்டரில் இழுக்கும் 9 கொழு விதைப்புக் கருவியின் ஒவ்வொரு விதைக் குழாயிலும் ஒரு சென்சார் பொருத்தினார். விதை விழுவது நின்றால், டிரைவர் காதருகே பஸ்ஸர் அலறும். வீட்டுத் திண்ணையில் செல்போன் சார்ஜரில் போட்டு, கடலைப் பருப்பை அள்ளிப் போட்டுப் பார்த்தபோது ஒரு தப்பும் இல்லை. ஆடி மழை விழுந்து மண் பதமானதும் 3 ஏக்கர் விதைத்தார்கள். பஸ்ஸர் ஒருமுறைகூட அடிக்கவில்லை. டிரைவரும் நிம்மதியாக ஓட்டினார்.

எட்டாம் நாள் முளைப்பு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பாதி வயலில், 9 வரிசைக்கு 2 வரிசை வெறும் மண். இரண்டு குழாய்களில் மண் அடைத்திருக்கிறது. மறுபடி போடலாம் என்றால் ஈரம் போய்விட்டது. அடுத்த மழைக்கு அந்த இடைவெளியில் உளுந்தை ஊன்றிச் சமாளித்தார்கள்.

சென்சாரிலோ புரோகிராமிலோ குறை இல்லை. விதைப்பின் நடுவில் என்ஜின் நின்று, மறுபடி செல்ஃப் எடுத்தபோதே பெட்டி ஹேங் ஆகிவிட்டது. நன்றாக வேலை செய்யும் பெட்டியும் சத்தம் போடாது, செத்த பெட்டியும் சத்தம் போடாது. அதுதான் ஏமாற்றிவிட்டது.

டிராக்டர் பேட்டரி 12 வோல்ட் என்பது பெயருக்குத்தான். என்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். செல்ஃப் எடுக்கும் நொடியில் 8 வோல்ட்டுக்கு இறங்கும். பழைய பேட்டரி என்றால் 6 வரைகூடப் போகும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது டெர்மினல் கழன்றால், அரை நொடிக்குள் 80 முதல் 100 வோல்ட் வரை எகிறவும் வாய்ப்புண்டு. லாரி பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்யும் வழக்கமும் நம் ஊரில் இருக்கிறது. அப்போது 24 வோல்ட் பாயும். 5 வோல்ட்டில் ஓடும் போர்டு இத்தனையையும் தாங்க வேண்டும்.

பலர் கடையில் கிடைக்கும் 7805 ரெகுலேட்டரை வைத்து முடித்துவிடுகிறார்கள். 14 வோல்ட்டை 5 ஆக்க, மிச்சம் 9 வோல்ட்டை அது வெப்பமாகத்தான் கழிக்கும். அரை ஆம்பியர் இழுத்தாலே 4.5 வாட் சூடு, அதுவும் மூடிய பெட்டிக்குள்! 6 முதல் 40 வோல்ட் வரை ஏற்கும் பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர்தான் இதற்குச் சரி. அதற்கு முன்னால் திடீர் எகிறலை விழுங்க ஒரு டி.வி.எஸ். டையோடு (பைக் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை), ஒயரை மாற்றிக் கொடுத்தாலும் கருகாமலிருக்க இன்னொரு டையோடு தேவை. ஃபியூஸைப் பெட்டிக்குள் வைக்காமல் பேட்டரி பாசிட்டிவை ஒட்டியே வைக்க வேண்டும். வழியில் ஒயர் உரசி ஷார்ட் ஆனால், டிராக்டரைக் காப்பாற்றுவது அதுதான். நெகட்டிவையும் பேட்டரியிலிருந்தே எடுப்பது நல்லது. பாடியில் எடுத்தால் துருவும் பெயின்ட்டும் தொல்லை தரும். டிராக்டரிலோ கருவியிலோ வெல்டிங் வைக்கும் நாளில் பெட்டியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது பெட்டி. முதலில் டிபன் பாக்ஸில் வைத்து எம்-சீல் பூசித்தான் பார்த்தார் அந்த இளைஞர். மழைக்குத் தாங்கியது, உரத்தூளுக்குத் தாங்கவில்லை. விதையோடு சேர்த்துப் போடும் டி.ஏ.பி. தூள் உள்ளே போனால், ஈரத்தோடு சேர்ந்து செம்பைப் பச்சையாக அரித்துவிடும். ஐ.பி.65 என்று போட்ட பெட்டி வாங்குவதே மேல். 6 என்பது தூசி புகாது என்பதற்கு. 5 என்பது எந்தப் பக்கமிருந்து தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும் என்பதற்கு. ஆனால், நாமே டிரில் போட்டு ஒயரை நுழைத்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. ஓட்டையைக் கீழ்ப்பக்கம் போட்டு, கேபிள் கிளாண்ட் மாட்டி, ஒயர் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி விட வேண்டும்.

இறுக்கி மூடிய பெட்டியும் மூச்சு விடும். பகல் சூட்டில் காற்று வெளியேறும். இரவில் குளிரும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வு வைத்த வென்ட் பிளக் ஒன்றை அடியில் பொருத்தினால் உள்ளே வியர்க்காது. வெள்ளை நிறப் பெட்டியாக, சைலன்சரிலிருந்து தள்ளி, மட்கார்டு நிழலில், ரப்பர் புஷ் மேல் பொருத்த வேண்டும். செருகி வைத்த ஜம்பர் ஒயர்கள் ஒரு நாள் உழவுகூடத் தாங்காது. எல்லாமே சால்டரிங்கில் இருக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் பையனிடமும் பெட்டியைக் காட்டிச் சொல்லிவிடுவது நல்லது. பிரஷர் கன்னை நேரே காட்டினால் ஐ.பி.65 தாங்காது.

இப்போது அந்தப் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு நொடிக்கு ஒருமுறை மினுக்குகிறது. அது நின்றால் டிரைவர் டிராக்டரை நிறுத்த வேண்டும். இந்த முறை விதைப்புக்கு 2 வாரம் முன்பே, ரோட்டவேட்டர் ஓட்டும்போது பெட்டியை மாட்டி 1 மணி நேரம் அதிரவிட்டார். என்ஜினை 10 முறை அணைத்து ஸ்டார்ட் செய்தார். மேலே 2 குடம் தண்ணீர் ஊற்றினார். திறந்து பார்த்தபோது உள்ளே காய்ந்துதான் இருந்தது. ஒரே ஒரு ஸ்க்ரூ மட்டும் லூசாகியிருந்தது. அதற்கு ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கிறார்.