மேசைக்கா, சட்டைப்பைக்கா? குறைந்த செலவில் ஹெட்போன் ஆம்ப்

ஜெர்மனியின் பேயர்டைனமிக் நிறுவனம் டிடி 770 புரோ என்ற ஹெட்போனை 32 ஓம், 80 ஓம், 250 ஓம் என மூன்று விதமாக விற்றுவருகிறது. பார்வைக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். 32 ஓம் ஹெட்போனை நேராகப் போனில் செருகிப் பாட்டு கேட்கலாம். 250 ஓம் ஹெட்போனை அதே போனில் செருகினால், வால்யூமை முழுக்க ஏற்றிய பிறகும் பாட்டு பக்கத்து வீட்டில் ஓடுவது போலிருக்கும். ஹெட்போனுக்குக் கூடுதல் சக்தி கொடுக்கும் ஆம்ப் வாங்கலாமா என்ற யோசனை பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது. சுவர் பிளக்கில் மாட்டி மேசையில் வைத்துக்கொள்ளும் வகை ஒன்று. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகும் வகை இன்னொன்று. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் எதை எடுப்பது?

முதலில் ஒரு விஷயம். புளூடூத் ஹெட்போன், வயரில்லாத இயர்பட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. ஆம்ப் அதற்குள்ளேயே இருக்கிறது. வயர் உள்ளவர்களில்கூடக் காதுக்குள் செருகும் இயர்போன்காரர்கள் பெரும்பாலோருக்குப் போனின் சக்தியே தாராளம்.

ஆம்ப் தேவையா என்பதை ஹெட்போன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்கள் சொல்லிவிடும். ஒன்று இம்பீடன்ஸ், அதாவது ஓம் கணக்கு. மற்றது சென்சிடிவிட்டி: இவ்வளவு மின்சாரம் கொடுத்தால் இத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பது. பலரும் ஓம் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அங்கேதான் பணம் வீணாகிறது.

சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போன் 300 ஓம். ஒரு வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் என்கிறது நிறுவனம். இசையில் சட்டென்று எழும் உச்சங்களுக்கு 110 டெசிபல் வரை இடம் வைத்தால், தேவைப்படுவது சுமார் 2.2 வோல்ட். பவராகப் பார்த்தால் வெறும் 17 மில்லிவாட். ஹைஃபைமேன் எச்இ-6 ஹெட்போனோ 50 ஓம்தான். ஆனால் அதன் சென்சிடிவிட்டி ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல். அதே 110 டெசிபலை எட்ட ஏறத்தாழ 450 மில்லிவாட் வேண்டும். ஓம் ஆறில் ஒரு பங்கு; பசியோ இருபத்தைந்து மடங்குக்கும் மேல். முதல் ஹெட்போன் கேட்பது வோல்ட்டேஜை, இரண்டாவது கேட்பது வோல்ட்டேஜோடு கரண்ட்டையும். சிறிய பேட்டரியால் அவ்வளவு கரண்ட்டை ஒலி சிதையாமல் கொடுப்பது கஷ்டம்.

இந்தக் கணக்கோடு சட்டைப்பை வகைகளைப் பார்க்கலாம். மிக மலிவானது, போனின் சார்ஜர் துளையில் செருகும் டாங்கிள். 2016இல் ஐபோன் 7 ஹெட்போன் துளையைக் கைவிட்ட பிறகு இது வீட்டுச் சாமான் ஆகிவிட்டது. ஆப்பிளின் யுஎஸ்பி-சி டாங்கிள் அமெரிக்காவில் 9 டாலர். சுமார் ஒரு வோல்ட் தருகிறது. ஐரோப்பாவில் விற்கும் வடிவம் அதில் பாதிதான் தருகிறது. ஒரு வோல்ட்டில் எச்டி 650 திரைப்பாட்டு கேட்கப் பரவாயில்லை. மெல்லிய சத்தமும் பெரிய சத்தமும் மாறி மாறி வரும் ஆர்க்கெஸ்ட்ரா பதிவுகளுக்குத்தான் மூச்சு வாங்கும். அடுத்த படியில் பேட்டரியுடன் வரும் குட்டி ஆம்ப்கள். கொரியாவின் குடெலிக்ஸ் 5கே சாதாரணத் துளையில் 2 வோல்ட், இரண்டு காதுக்கும் தனித்தனி வயர் போகும் பேலன்ஸ்டு துளையில் 4 வோல்ட் தரும். சட்டையில் கிளிப் போல மாட்டிக்கொள்ளலாம், போனோடு புளூடூத்தில் பேசும். ஆனால் அந்த 4 வோல்ட் வேண்டுமென்றால் ஹெட்போனுக்குத் தனியாகப் பேலன்ஸ்டு கேபிள் வாங்க வேண்டும். அந்தச் செலவையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பேட்டரி இன்னொரு மறைமுகச் செலவு. லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏற ஏறத் தேயும். சில ஆண்டுகளில் தாங்கும் நேரம் குறையும். பல குட்டி ஆம்ப்களில் அதைக் கழற்றி மாற்ற வசதி கிடையாது.

மேசையா, சட்டைப்பையா என்ற இழுபறிக்கு இடையில் நின்ற ஒரு கருவி உண்டு: ஓ2. 2011இல் என்டபிள்யூ-ஏவி-கை என்ற புனைபெயரில் எழுதிய ஒரு பொறியாளர் அதன் வரைபடத்தை இலவசமாக வெளியிட்டார். வடிவமைப்பை மாற்றாதவரை யாரும் செய்து விற்கலாம் என்றார். இரண்டு 9 வோல்ட் பேட்டரியிலும் ஓடும், சுவர் அடாப்டரிலும் ஓடும். அடாப்டரில் சுமார் 7 வோல்ட் தரும். அவர் எவ்வளவு கவனமாக யோசித்தார் என்பதற்கு ஒரு சான்று போதும். இரண்டு பேட்டரியில் ஒன்று முன்னதாகத் தீர்ந்துவிட்டால், சமநிலை குலைந்து நேர்மின்சாரம் ஹெட்போனுக்குள் பாய்ந்து அதைக் கெடுத்துவிடலாம். ஓ2வில் ஒரு பேட்டரி இறங்கியதுமே இரண்டு பக்கத்தையும் ஒருசேர நிறுத்திவிடும் சர்க்யூட் இருக்கிறது. நல்ல ஆம்ப்புக்குப் பெரும் பணம் வேண்டாம் என்பதை அளவீடுகளோடு காட்டிய அவர், மேசைக்கென்றே ஒரு வடிவத்தையும் திட்டமிட்டிருந்தார். 2012இல் திடீரென்று எழுதுவதை நிறுத்திவிட்டார். யார் என்பது இன்றுவரை பொதுவெளியில் தெரியாது. அந்த மேசை வடிவம் வெளிவரவேயில்லை.

வழி மட்டும் திறந்துவிட்டது. 2012 இறுதியில் அமெரிக்காவின் ஷீட் நிறுவனம் மேக்னி என்ற மேசை ஆம்ப்பை 99 டாலருக்குக் கொண்டுவந்தது. ஓ2வைச் செய்து விற்றுவந்த ஜேடிஎஸ் லேப்ஸ், 2018இல் ஆட்டம் என்ற மேசை ஆம்ப்பை அதே 99 டாலருக்கு வெளியிட்டது. பேட்டரி, சார்ஜிங் சர்க்யூட், எல்லாவற்றையும் நெருக்கி அடைக்கும் வேலை இவை எதுவும் இல்லாததால், கொடுக்கும் பணம் பவருக்கே போகிறது. ஒரே விலையில் மேசை ஆம்ப் பல மடங்கு பவர் தருவதன் ரகசியம் இதுதான்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் அடாப்டரைப் பார்த்தே ஆக வேண்டும். மேக்னியும் ஆட்டமும் போன் சார்ஜர் மாதிரியான டிசி அடாப்டரில் ஓடுபவை அல்ல. ஏசி மின்சாரத்தை ஏசியாகவே குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் அவற்றுக்கு வேண்டும். அமெரிக்காவின் 115 வோல்ட் அடாப்டரை இங்கே 230 வோல்ட்டில் செருகினால் கருகிவிடும். பிளக் மாற்றி மாட்டினால் மட்டும் போதாது. 230 வோல்ட் வடிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

பவர் அதிகம் என்பதால் மேசை ஆம்ப்தான் எல்லோருக்கும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. நுட்பமான இயர்போனை அதில் செருகினால், பாட்டு நின்ற இடைவெளியில் 'உஸ்' என்ற இரைச்சல் கேட்கலாம். வால்யூம் திருகை லேசாகத் தொட்டதுமே சத்தம் கூடிவிடும். அந்தத் தொடக்கப் புள்ளியில் பல திருகுகளில் ஒரு காதில் சத்தம் கூடுதலாகவும் மறுகாதில் குறைவாகவும் வரும். சத்தத்தைப் பெருக்கும் அளவை மாற்றும் கெயின் பொத்தான் உள்ள ஆம்ப் என்றால் குறைந்த நிலையில் வைத்துச் சமாளிக்கலாம். ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓமுக்கு மேல் போனால் ஒலியின் நிறமே மாற வாய்ப்புண்டு.

கூடுதல் பவர் காதுக்கும் ஆபத்து. வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. 90 டெசிபல் என்றால் அது 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். மேலே சொன்ன 110 டெசிபல் நொடிப்பொழுது உச்சத்துக்கான கணக்கு. அந்த அளவில் உட்கார்ந்து கேட்பதற்கல்ல.

ஆகவே பட்ஜெட் சிறியதென்றால் பணத்தின் பெரும்பகுதி ஹெட்போனுக்கே போகட்டும். ஓம் குறைவாக, சென்சிடிவிட்டி அதிகமாக உள்ள ஹெட்போன் என்றால் டாங்கிளோடு நிறுத்திக்கொள்ளலாம். 250, 300 ஓம் ஹெட்போனை ஒரே மேசையில் உட்கார்ந்து கேட்பவருக்கும், எச்இ-6 போன்ற பசிக்காரனை வைத்திருப்பவருக்கும் மேசை ஆம்ப்தான் சரி. பேட்டரி ஆம்ப், பேருந்திலும் ரயிலிலும் கேட்பவருக்கு மட்டுமே அதன் விலைக்குத் தகும். 2021இலோ அதற்குப் பிறகோ வந்த மேக்புக் புரோ வைத்திருப்பவர்கள் முதலில் அதிலேயே செருகிப் பாருங்கள்: 150 ஓமுக்கு மேற்பட்ட ஹெட்போனுக்கு அதன் துளை 3 வோல்ட் வரை தருகிறது. மற்றவர்கள், சத்தம் குறைவாகப் பதிவான ஒரு பாட்டைப் போட்டு வால்யூமை முக்கால் அளவுக்கு ஏற்றிப் பாருங்கள். அதிலேயே போதுமான சத்தம் வந்துவிட்டால் ஆம்ப் வாங்க வேண்டாம்.