முப்பதாயிரம் பேரைச் சேர்த்த பரிசோதனை

ஆய்வகத்தில் உருவான ஒரு மருந்து, மனிதர்களிடம் சோதித்துப் பார்த்த பிறகே மருந்துக்கடைக்கு வர முடியும். உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களில் இந்தச் சோதனையை நடத்தி முடிக்கும் பொறுப்பு, மருத்துவப் பரிசோதனைச் செயல்பாட்டுப் பிரிவின் தலைவருக்கு உரியது. மருந்தைக் கண்டுபிடிப்பது அவருடைய வேலை அல்ல. எந்த மருத்துவமனைகளில், எப்படிப்பட்டவர்களுக்கு, எத்தனை நாளில், எவ்வளவு செலவில் சோதிப்பது என்பதைத் திட்டமிட்டு, கிடைக்கும் தகவல் ஒவ்வொன்றும் நம்பத்தக்கதாக இருக்கப் பார்த்துக்கொள்வதே அவர் வேலை. அறிவியல் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் இந்த இடத்தில் சறுக்கினால் மருந்து நோயாளியைச் சென்றடையாது.

இந்தப் பணியின் அளவைப் புரிந்துகொள்ள, அமெரிக்காவின் மாடர்னா நிறுவனம் 2020-இல் நடத்திய கொரோனா தடுப்பூசிப் பரிசோதனை நல்ல எடுத்துக்காட்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 2010-இல் தொடங்கிய அந்த நிறுவனம், அதுவரை ஒரு மருந்தைக்கூட விற்பனைக்குக் கொண்டுவந்ததில்லை. மூன்றாம் கட்டப் பரிசோதனையை நடத்திய அனுபவமும் கிடையாது. முதல் கட்டம் 2020 மார்ச் 16 அன்று சியாட்டிலில் 45 பேருடன் தொடங்கியது. இரண்டாம் கட்டத்தில் 600 பேர். ஜூலை 27 அன்று தொடங்கிய மூன்றாம் கட்டத்துக்கோ 30,000 பேர் தேவைப்பட்டார்கள்.

அத்தனை பேரை ஒரு நிறுவனம் தன் ஊழியர்களை மட்டும் கொண்டு சேர்க்க முடியாது. இதற்கென்றே ஒப்பந்த ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. மாடர்னா, பிபிடி என்ற நிறுவனத்தின் துணையுடன் அமெரிக்கா முழுவதும் 99 மையங்களில் பரிசோதனையை நடத்தியது. ஆனால் வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாமே தவிர, பொறுப்பை ஒப்படைக்க முடியாது. ஒரு மையத்தில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன் ஊசி போட்டுவிட்டாலோ, உறைநிலையில் இருக்க வேண்டிய மருந்து வெப்பத்தில் கிடந்தாலோ, பதில் சொல்ல வேண்டியது மருந்தின் உரிமையாளரான நிறுவனம்தான். அதனால்தான் கண்காணிப்பாளர்கள் மையம் மையமாக ஆவணங்களைச் சரிபார்க்கிறார்கள்.

பங்கேற்றவர்களில் பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். 28 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி. யாருக்கு எது என்பது பங்கேற்பவருக்கும் தெரியக் கூடாது, அவரை ஆராயும் மருத்துவருக்கும் தெரியக் கூடாது. இங்கே ஒரு சின்னச் சிக்கல்: தடுப்பூசி மருந்து வெண்மையாக இருக்கும், உப்பு நீர் தெளிவாக இருக்கும். பார்த்தாலே தெரிந்துவிடும். ஆகவே ஊசியைத் தயாரிப்பவரும் போடுபவரும் மட்டும் விவரம் தெரிந்தவர்கள். பரிசோதனையின் வேறெந்த வேலையிலும் அவர்களுக்குப் பங்கு இல்லை. செயல்பாட்டுத் தலைமையின் திறமை இப்படிப்பட்ட நுணுக்கங்களில்தான் தெரியும்.

ஆள் சேர்ப்பதில்தான் உண்மையான சோதனை வந்தது. செப்டம்பர் தொடக்கத்தில், கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் போதிய எண்ணிக்கையில் சேரவில்லை என்று கண்டு, மாடர்னா சேர்க்கையின் வேகத்தைக் குறைத்தது. கொரோனாவால் மிகுதியாக இறந்துகொண்டிருந்தவர்களில் அந்தச் சமூகத்தினரும் இருந்தார்கள். யாருக்குத் தேவை அதிகமோ அவர்களைச் சேர்க்காமல் கிடைக்கும் முடிவு அரைகுறையானது. உலகமே அவசரப்படுத்திய நேரத்தில் நிதானித்த அந்த முடிவைப் பாராட்டத்தான் வேண்டும். அக்டோபர் 23-க்குள் 30,420 பேர் சேர்ந்தபோது, அவர்களில் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர் வெள்ளையர் அல்லாத சமூகங்களைச் சேர்ந்தவர்கள். 65 வயதைக் கடந்தவர்கள் 7,000-க்கும் மேல்.

அதன் பிறகு காத்திருப்புதான். யாரையும் வேண்டுமென்று நோய்க்கு ஆளாக்குவதில்லை. இயல்பாகத் தொற்று வருபவர்களை எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கை இடையில் திறந்து பார்க்கும் உரிமை நிறுவனத்துக்கு இல்லை. தனித்து இயங்கும் பாதுகாப்புக் கண்காணிப்புக் குழுவுக்கு மட்டுமே உண்டு. நவம்பர் 16 அன்று முதல் முடிவு வெளியானது: நோய் கண்ட 95 பேரில் 90 பேர் உப்பு நீர் பெற்றவர்கள், 5 பேர் மட்டுமே தடுப்பூசி பெற்றவர்கள். பின்னர் 196 பேரை வைத்துப் பார்த்தபோது கணக்கு 185-க்கு 11 என்றானது. தடுப்பாற்றல் 94.1 விழுக்காடு.

டிசம்பர் 18 அன்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அவசரகால அனுமதி அளித்தது. பரிசோதனைப் பிரிவின் வேலை அத்துடன் முடியவில்லை. உப்பு நீர் பெற்ற பல்லாயிரம் பேரைத் தொடர்புகொண்டு விவரத்தைச் சொல்லி, விரும்பியவர்களுக்கு உண்மையான தடுப்பூசியைப் போடும் பணி அடுத்து அதே மையங்களில் நடந்தது.