கண்ணாடியும் தொய்யும், தெரியுமா?

12 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம், 6 கிலோ எடை! வீட்டுத் திண்ணையில் மாதக்கணக்காகத் தேய்த்து எடுத்த தொலைநோக்கிக் கண்ணாடி. தட்டினால் கல் மாதிரி இருக்கும். ஓரத்தில் மூன்று முட்டுக் கொடுத்து வைத்துப் பாருங்கள், தன் எடைக்கே தொய்ந்துவிடும்! நம் கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனால் இதன் முகத்தில் 70 நானோமீட்டர் கோணினாலே நட்சத்திரம் கலங்க ஆரம்பிக்கும். தலைமுடிக் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது!

கனத்தை மாற்றாமல் அகலத்தை மட்டும் இரட்டித்தால் தொய்வு எத்தனை மடங்கு? இரண்டா, நான்கா? 16 மடங்கு! வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் தம் 40 அடித் தொலைநோக்கிக்கு 1785இல் வார்த்த முதல் ஆடி மெலிசாகப் போய், உருவம் நிற்காமல், கனமாக இன்னொன்று வார்க்க வேண்டியதாயிற்று.

சரி, மூன்றுக்குப் பதில் 18 இடத்தில் முட்டுக் கொடுத்தால்? நாலு கால் மேஜையே ஆடுகிறது, 18 காலை எப்படிச் சமமாக்குவது! சமமாக்கவே வேண்டாம், ஆட விடுங்கள் என்பதுதான் தந்திரம். மூன்று முனையுள்ள முக்கோணத் தகடு, நடுவில் ஒரே குமிழில் நிற்கும். அப்படி இரண்டு தகடுகள் ஒரு சட்டத்தின் இரு நுனியில். சட்டமும் தராசுக்கோல் போல நடுவில் ஆடும். மூன்று சட்டங்கள், ஆக 18 முனை. ஒன்று சற்று மேலெழுந்தால் தகடே சாய்ந்து, சுமையை மற்றவற்றுக்குப் பங்கு போட்டுவிடும்!

ஐரோப்பியக் குதிரை வண்டிகளில் இரண்டு குதிரைகளின் இழுவையைச் சமப்படுத்திய கட்டையின் தத்துவம்தான் இது. கார் வைப்பரில் விரல் விரலாகக் கிளைக்கிறதே இரும்பு, அதுவும் இதே! பொறியாளர் தாமஸ் கிரப் 1835இல் அயர்லாந்தின் அர்மாவில் 15 அங்குல ஆடிக்கு இப்படித் தாங்கி செய்தார். பத்தே வருடத்தில் வானியலாளர் ராஸ் பிரபுவின் ஆறடி உலோக ஆடி, ஏறக்குறைய 3 டன், இதே முறையில் அமர்ந்தது. எம்51 விண்மீன் திரளின் சுருள் கைகள் முதன்முதலாகக் கண்ணில் பட்டது அதில்தான்! ஹவாயில் கெக் தொலைநோக்கியின் 36 ஆடித்துண்டுகளில் ஒவ்வொன்றுக்கும் 36 முனை.

இத்தனையும் செய்துவிட்டு, ஆடி முன்னே விழுந்துவிடுமோ என்று கிளிப்பை இறுக்கினால் போச்சு! ஃபோகஸைக் கொஞ்சம் விலக்கினால் வட்டமாகத் தெரிய வேண்டிய நட்சத்திரம் கோழிமுட்டையாகிவிடும். ஃபோகஸை மறுபக்கம் விலக்கினால் முட்டை குறுக்கே படுத்துக்கொள்ளும். கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. சிக்கினால் அரைச் சுற்று தளர்த்துங்கள்.