ஏரிக்கரை உணவின் விலை

கண்டி மாநகரிலே சோற்றுக்கு இரண்டு விலை உண்டு. பேருந்து நிலையத்தை அடுத்த சிறு கடைகளிலே ஒரு விலை. ஏரியை நோக்கிய ஹோட்டல்களிலே மற்றொரு விலை. அரிசியும் பருப்பும் ஒன்றாயிருக்க, விலை மாத்திரம் ஏன் வேறுபடுகின்றது?

பண்டைக் கண்டி இராச்சியத்திலே வழிப்போக்கர் அம்பலங்களிலே கட்டணமின்றித் தங்கினர். அத்தகைய அம்பலமொன்றின் கற்றூண்களை எம்பெக்கையில் இன்றுங் காணலாம். 1660 முதல் ஏறத்தாழ 19 ஆண்டுகள் அவ்விராச்சியத்திற் சிறையிருந்த ரொபேட் நொக்ஸ், சோறும், எலுமிச்சஞ்சாறு பிழிந்த கீரையும், மிளகும் உப்பும் பொதுமக்களுக்கு நல்லுணவாயிருந்தன என்று 1681இல் வெளிவந்த தமது நூலிலே குறித்துள்ளார். 1815இல் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றினர். கோப்பித் தோட்டங்கள் பெருகின. 1867இல் புகையிரதம் வந்தது. தலதா மாளிகைக்கு அணித்தாயுள்ள குயின்ஸ் ஹோட்டல் அந்நூற்றாண்டின் வரவே. தனி மேசையில் அமர்ந்து, பட்டியல் பார்த்து உண்ணும் மேனாட்டு வழக்கம் இவ்வாறுதான் மலையேறியது.

சிறு கடையின் வாங்கிலே ஒரு மணி நேரத்திற் பலர் மாறி மாறி உண்பர். ஏரிக்கரை மேசையையோ ஒரு குடும்பமே மாலை முழுவதும் வைத்திருக்கும். ஆகவே இடத்தின் வாடகை, பரிசாரகரின் சம்பளம், விளக்கு, விரிப்பு யாவும் அந்தச் சிலருடைய தட்டுகளின் மீதே ஏறுகின்றன. காட்சிக்கும் விலையுண்டு. அதனைக் குற்றமென்று நான் கூறமாட்டேன்.

பட்டியலின் அடியிலே சிற்றெழுத்தில் இருப்பதே கவனத்துக்குரியது. சேவைக் கட்டணம் வழக்கமாக நூற்றுக்குப் 10. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் நூற்றுக்கு 18. இவ்விரண்டும் தனியே சேர்க்கப்படுமிடத்து, 1,000 ரூபா எனக் குறித்த உணவுக்கு 1,280 ரூபாவுக்குக் குறையாது கொடுக்க நேரும். அதே 2024ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டதையும் இங்கு எண்ணிப் பாருங்கள். மகள் பரீட்சையிற் சித்தியடைந்த மகிழ்ச்சியில் குடும்பத்தோடு அங்கு செல்லும் தந்தைக்கு இக்கணக்கு சிறிதன்று.

ஆயினும் நம்மவரிடத்திலே ஒரு கூச்சம் உண்டு. விலை கேட்டால் ஏழையென்று எண்ணிவிடுவார்களோ என அஞ்சி, பட்டியலை ஒழுங்காகப் படியாமலே ஏதோ ஒன்றைச் சுட்டிக் காட்டுவர். பின்பு பற்றுச்சீட்டைக் கண்டு முகம் வாடுவர். பிள்ளைகள் அந்த முகத்தைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். விலையை வெளிப்படுத்துவதும், கேட்டபோது பற்றுச்சீட்டு வழங்குவதும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வியாபாரியின் கடமைகள். ஆதலால் கேட்பதிலே இழிவு யாது?

பரிமாறும் இளைஞரிடமே தயங்காது கேளுங்கள். அவருட் பலர் சுற்றுப்புறத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். என்னிடம் பயின்ற சிலரும் உளர். வரி சேர்ந்த விலையா, சேராத விலையா, மேசைமீதுள்ள தண்ணீர்ப் போத்தலுக்கும் பணம் உண்டா என்பவற்றை, உணவு சொல்லுமுன்னரே அவர் விளக்குவார். சேவைக் கட்டணம் பற்றுச்சீட்டிலே சேர்ந்திருக்குமாயின், அதற்கு மேலே கொடுப்பது உங்கள் விருப்பம்.