காதில்லாத ஊசி

சின்னஞ்சிறு அருங்காட்சியகங்கள் – 7

விளக்கு வைத்த பிறகு ஊசி கடன் கேட்டால் எங்கள் தெருவில் யாரும் கொடுக்கமாட்டார்கள். "காலையில வந்து வாங்கிக்கோ" என்பார்கள். பெட்டிக்கடையிலும் அதே பதில்தான். அந்தி நேரத்தில் ஊசி வாசலைத் தாண்டினால் லட்சுமியும் பின்னாலேயே போய்விடுவாள் என்பது பாட்டிமார் வாக்கு.

அம்மா தன்னுடைய ஊசியைத் தினசரிக் காலண்டர் அட்டையின் மூலையில் செருகி வைத்திருப்பாள். அதன் காதில் எப்போதும் ஒரு சாண் கறுப்பு நூல் தொங்கும். தைக்க உட்காரும்போது ஊசியை எடுத்துத் தலைமுடியில் இரண்டு தரம் இழுத்துக்கொள்வாள். எண்ணெய்ப்பசை பட்டால் துணிக்குள் வழுக்கிக்கொண்டு போகும். பள்ளிச் சீருடையின் பித்தான், தலையணை உறை, அப்பாவின் சட்டைக் காலர் எல்லாம் அந்த ஒரே ஊசியால் பிழைத்தவை. அது எங்கிருந்து வந்தது, யார் கை செய்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது இங்கிலாந்தின் வூஸ்டர்ஷையரில், ரெட்டிச் என்ற ஊரில். சென்ற வாரம் க்ரோம்ஃபோர்டில் ஆர்க்ரைட்டின் நூற்பாலையைப் பார்த்தோம். நூலைப் பார்த்தாயிற்று, இந்த வாரம் ஊசி.

பர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறினால் ஏறத்தாழ நாற்பது நிமிடத்தில் கடைசி நிலையம் ரெட்டிச். அங்கிருந்து ஆரோ என்ற சிற்றாற்றை நோக்கி இறங்கி நடந்தால் முதலில் தென்படுவது புல்லுக்குள் கிடக்கும் கல் அடித்தளங்கள். 12ஆம் நூற்றாண்டில் துறவிகள் எழுப்பிய போர்டெஸ்லி மடத்தின் மிச்சம் அது. 1538ல் எட்டாம் ஹென்றியின் காலத்தில் மடம் கலைக்கப்பட்டது. ஆற்று நீரால் சக்கரம் சுற்றி உலோக வேலை செய்யும் பட்டறை ஒன்றை அந்தத் துறவிகள் வைத்திருந்தார்கள் என்பதை அகழாய்வு காட்டியிருக்கிறது. அதே நீரின் கரையில், ஒரு குளத்தை ஒட்டி, செங்கல்லில் கட்டிய பழைய ஆலை நிற்கிறது. ஃபோர்ஜ் மில் ஊசி அருங்காட்சியகம் அதுதான்.

பெயரே சொல்வதுபோல இது முதலில் இரும்பு அடிக்கும் உலை. 1730 வாக்கில் ஊசி துலக்கும் ஆலையாக மாறியது. 1958 வரை இங்கே வேலை நடந்தது. பிறகு பாழடையத் தொடங்கிய கட்டடத்தை மீட்டெடுத்து அருங்காட்சியகம் ஆக்கினார்கள். 1983ல் எலிசபெத் அரசி வந்து திறந்துவைத்தார். ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடக்கூடிய இடம். நான் வெளியே வர அரை நாள் ஆயிற்று.

முதல் ஆச்சரியம் ஒரு கண்ணாடிப் பெட்டி. கம்பிச் சுருளில் தொடங்கி உறையில் போட்ட ஊசியில் முடியும் படிகளை அதில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். 1776ல் ஆடம் ஸ்மித் தன் புகழ்பெற்ற நூலில், ஒரு குண்டூசியைச் செய்யும் வேலை ஏறக்குறைய பதினெட்டுத் தனித்தனி வேலைகளாகப் பிரிந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். தையல் ஊசிக்கு அதைவிட அதிகம். குண்டூசிக்குக் காது வேண்டாம். கடினப்படுத்தவும் வேண்டாம். வளைந்தால் வளைந்துவிட்டுப் போகட்டும். தையல் ஊசி வளையவும் கூடாது, ஒடியவும் கூடாது. நூலை அறுக்கவும் கூடாது.

இரண்டு ஊசி நீளத்துக்குக் கம்பியை வெட்டுவார்கள். சுருளில் இருந்த கம்பி வளைந்திருக்கும். ஆயிரக்கணக்கான துண்டுகளை இரண்டு இரும்பு வளையங்களுக்குள் கட்டாகச் சேர்த்து, பழுக்கக் காய்ச்சி, முன்னும் பின்னும் உருட்டுவார்கள். ஒன்றோடொன்று உரசி எல்லாம் நேராகிவிடும். அடுத்து இரு முனைகளையும் சாணைக்கல்லில் கூராக்குவார்கள். அதன் பிறகே நடுவில் இரண்டு காதுகளுக்கான அச்சை அடிப்பார்கள். அந்த அச்சில் துளையிடுவது பெரும்பாலும் பெண்களின் வேலை, குழந்தைகளின் வேலை. துளைகளில் மெல்லிய கம்பியைக் கோத்தால் ஊசிகள் சீப்புப் பற்கள்போல அணிவகுக்கும். பிசிறை அரத்தால் ராவி, நடுவில் ஒடித்தால், ஒன்று இரண்டாகும். அதற்குப் பிறகு நெருப்பில் சிவக்கவைத்து எண்ணெயில் போடுவார்கள். ஊசி இறுகும், கண்ணாடிபோல ஒடியவும் செய்யும். அந்த முறட்டுத்தனத்தைத் தணிக்க மறுபடியும் இளஞ்சூட்டில் பதப்படுத்துவார்கள். இந்தச் சூட்டில் கோணிப்போனவற்றைச் சிறிய பட்டடையில் வைத்து, சிறிய சுத்தியலால், ஒவ்வொன்றாக நிமிர்த்துவார்கள்.

இத்தனையும் முடிந்த ஊசி கரிபிடித்த அடுப்பங்கரைப் பாத்திரம்போலக் கறுப்பாக இருக்கும். அதைத் துலக்கத்தான் இந்த ஆலை.

தண்ணீர்ச் சக்கரம் சுற்றும் நாளாகப் பார்த்துப் போயிருந்தேன். மதகைத் திறந்ததும் முதலில் தண்ணீரின் இரைச்சல். பிறகு கட்டடம் முழுவதும் ஓர் அதிர்வு. பிறகு மரமும் இரும்பும் சேர்ந்து போடும் தாளக்கட்டு. பல்லாயிரம் ஊசிகளைக் கித்தான் துணியில் அடுக்கி, சவுக்காரக் குழம்பும் எண்ணெயும் குருந்தக்கல் தூளும் சேர்த்துச் சுருட்டி, கயிற்றால் இறுகக் கட்டுவார்கள். நம் வீட்டுத் திண்டைப் போல இருக்கிறது அந்தக் கட்டு. அவற்றைப் பலகைகளுக்கு நடுவே வைத்தால் சக்கரத்தின் விசை அவற்றை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே இருக்கும். மணிக்கணக்கில் உருட்டியபின் பிரித்து, கழுவி, புதுத் தூள் போட்டு, மறுபடி சுருட்டி, மறுபடி உருட்டுவார்கள். நல்ல ஊசி என்றால் ஒரு வாரம்கூட ஆகும். கடைசிச் சுற்றுக்கு மிக மென்மையான தூள். பிறகு மரத்தூளில் புரட்டிக் காயவைத்தால் வெள்ளியாக மின்னும்.

வழிகாட்டிய பெண்மணி ஒரு சின்ன வித்தையைச் சொன்னார். துலக்கி வந்த ஊசிகளில் தலைகளும் முனைகளும் தாறுமாறாகக் கலந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்ப வேண்டும். அதற்குப் பெண்கள் விரலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ஊசிக் குவியலின் ஓரத்தில் அழுத்துவார்கள். முனைகள் துணியில் குத்திக்கொண்டு வெளியே வரும், தலைகள் அப்படியே கிடக்கும். எந்த இயந்திரமும் வேண்டாம். பூக்காரம்மாவின் விரல்கள் நாரில் முடிச்சுப் போடுகிற வேகம் எனக்கு நினைவுக்கு வந்தது. கைகளுக்குத் தெரிந்தவை எழுத்துக்குள் அடங்குவதில்லை.

இந்த ஊருக்கு ஊசி எப்படி வந்தது என்பது நீண்ட கதை. 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஃபுல்லர் என்ற ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார்: மேரி அரசியின் காலத்தில் லண்டன் சீப்சைடில் ஒரு கறுப்பின மனிதர் அருமையான ஊசிகள் செய்தார், பொறாமையால் அந்தத் தொழிலை யாருக்கும் கற்றுத்தரவில்லை என்று. பின்னால் வந்த சில நூல்கள் அவரை இந்தியர் என்கின்றன. அவர் பெயரை ஒருவரும் எழுதவில்லை. தெரியாத ஊரில் தன்னந்தனியாகப் பிழைத்த ஒருவருக்குத் தொழில் ரகசியம் ஒன்றே காவலாக இருந்திருக்கும். அதைப் பொறாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லண்டனிலிருந்து நாட்டுப்புறங்களுக்குப் பரவிய தொழில், ஆரோ ஆற்றின் விசை கிடைத்ததும் ரெட்டிச்சிலும் அருகிலுள்ள ஸ்டட்லி, ஆல்செஸ்டர் ஊர்களிலும் வேரூன்றியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகத்து ஊசிகளில் 90 சதவீதம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் செய்யப்பட்டவை என்று இங்கே பெருமையோடு சொல்கிறார்கள். தையல் ஊசி மட்டுமில்லை. பாய்மரம் தைக்கும் தடித்த ஊசி, மருத்துவர் காயம் தைக்கும் வளைந்த ஊசி, மீன் தூண்டில் முள் எல்லாம் இந்த மண்ணின் சரக்கு.

ரெட்டிச்சிலிருந்து நம் ஊருக்கு இரண்டு தடங்கள் வருகின்றன. ஜார்ஜ் டவுன்செண்ட் என்ற ஊசி உற்பத்தியாளரின் நிறுவனம் 1880களில் சைக்கிள் செய்யத் திரும்பியது. அது கைமாறி வளர்ந்து 1901ல் மோட்டார் சைக்கிள் செய்தது. அதுதான் ராயல் என்ஃபீல்டு. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாக, திருவொற்றியூரிலிருந்து புல்லட் புறப்பட்டது. பிறந்த ஊரில் தொழிற்சாலை மூடிய பிறகும் நம் தெருக்களில் அதன் சத்தம் ஓயவில்லை. அந்த வண்டியின் பாட்டன் ஒரு தையல் ஊசி.

இன்னொரு தடம் நீலகிரிக்கு. ஸ்டட்லியின் ஊசி நிறுவனம் 1949ல் நீடில் இண்டஸ்ட்ரீஸ் (இந்தியா) என்ற துணை நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் ஆலை ஊட்டிக்குக் கீழே கேத்தியில். அந்தக் கம்பெனியின் பங்குகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981ல் வழங்கிய தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அங்கே உருவான 'போனி' ஊசிகள் நாடெங்கும் போயின. மலை ரயிலில் கேத்தி நிலையத்தை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். சன்னல் வழியாகப் பள்ளத்தாக்கைத்தான் பார்த்தேன். அம்மாவின் காலண்டர் அட்டை ஊசி அங்கே பிறந்ததாகவே இருக்கலாம்.

இனி, என்னை அரை நாள் அங்கே நிறுத்திவைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

முனை தீட்டும் வேலை. தீட்டுபவர் சாணைக்கல்லின் முன் குனிந்து உட்காருவார். ஐம்பது, நூறு கம்பிகளை விசிறிபோல விரித்து, உள்ளங்கைக்கும் தோலுறை போட்ட விரலுக்கும் நடுவே உருட்டியபடி கல்லில் கொடுப்பார். ஒரே நேரத்தில் எல்லா முனைகளும் ஒரே அளவில் கூராகும். பெரிய கைத்திறன் அது. கூலியும் மற்றவர்களைவிட மிக அதிகம். நம் தெருவில் சாணை பிடிப்பவர் கத்தியைக் கல்லில் வைத்ததும் பொறி பறக்குமே, அதைப் போல நாள் முழுவதும் அவர் முகத்தின் எதிரே பொறியும் தூளும் பறக்கும். கல்லை நனைத்தால் தூள் அடங்கும். ஆனால், ஈரம் பட்டால் ஊசி துருப்பிடிக்கும். அதனால் உலர்ந்த கல். இரும்புத்தூளும் கல்தூளும் மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் தங்கின. இன்று அதற்கு சிலிகோசிஸ் என்று பெயர். அன்று அதைத் தீட்டுபவர்களின் நோய் என்றார்கள். அவர்களில் நாற்பது வயதைத் தொட்டவர்கள் அரிது.

தடுப்பதற்கு வழியே இல்லாமல் இல்லை. 1820களின் தொடக்கத்தில் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஜே. எச். ஆப்ரகாம் என்பவர் இரும்புத்தூளை இழுத்துக்கொள்ளும் காந்த முகமூடியைச் செய்து காட்டினார். பிறகு, தூளை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறிகள் வந்தன. தீட்டும் தொழிலாளர்களே அவற்றை எதிர்த்தார்கள். ஆபத்துக்காகத்தான் அந்த உயர்ந்த கூலி. ஆபத்து போனால் கூலியும் போகும். எல்லோரும் அந்த வேலைக்கு வந்துவிடுவார்கள். இந்த வாசகத்தை அங்கே நின்று படித்தபோது முதலில் எனக்குக் கோபம் வந்தது. உயிரைவிடக் கூலி பெரிதா என்று. கொஞ்ச நேரம் நின்று யோசித்த பிறகுதான் புரிந்தது. ஆபத்தில்லாத வேலைக்கும் நல்ல கூலி உண்டு என்று அவர்களுக்கு யாரும் உறுதி சொல்லவில்லை. விற்பதற்கு அவர்களிடம் இருந்த விலையுயர்ந்த சரக்கு அவர்களுடைய ஆயுள்தான். அதை நல்ல விலைக்கு விற்றார்கள், அவ்வளவே.

இது 19ஆம் நூற்றாண்டோடு முடிந்துபோகவில்லை. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் மணிகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் தொழிலாளர்களின் நுரையீரலில் நம் காலத்திலும் அதே தூள் தங்குகிறது. மலிவான, அழகான பொருள் ஒன்று கைக்கு வரும்போது, அதன் விலையில் மீதியை வேறு யாரோ கட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட இந்த ஆலை எனக்குக் கற்றுக்கொடுத்தது.

கிளம்பும் முன் மறுபடி அந்தக் கண்ணாடிப் பெட்டியிடம் போனேன். வரிசையில் ஒரு துண்டு. இரு பக்கமும் கூர். நடுவில் ஒன்றுமில்லை. காது குத்துவதற்கு முந்தைய நிலை.

காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர் ஒருவருக்கு, வளர்ப்பு மகன் விட்டுச்சென்ற பேழைக்குள் ஓர் ஓலையும் காதில்லாத ஓர் ஊசியும் இருந்த கதை நமக்குத் தெரியும். தைக்க உதவாத அந்த அற்ப ஊசிகூடக் கடைசிப் பயணத்தில் கூட வராது என்பதைப் படித்த கணத்தில் அவர் எல்லாவற்றையும் உதறினார். பட்டினத்தார் ஆனார். சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை. அதில் எனக்கு ஐயம் இருந்ததே இல்லை.

ரெட்டிச்சின் முனை தீட்டுபவர்கள் கையில் பிடித்ததெல்லாம் காதில்லாத ஊசிதான். காது பின்னால், வேறு யாரோ குத்துவார்கள். அவர்களோ நாளெல்லாம் காதில்லாத ஊசியைத் தீட்டினார்கள். அதன் தூளைச் சுவாசித்தார்கள். முப்பத்தைந்து வயதில் அவர்களை மண்ணில் இறக்கியபோது அது அவர்கள் மார்புக்குள் இருந்தது. பெரும் செல்வர்களோடு போகாத ஊசி இந்த ஏழைகளோடு போயிருக்கிறது.

வாசலில் இருந்த சிறு கடையில் ஓர் உறை ஊசி வாங்கினேன். ஊருக்கு வந்ததும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக் காலண்டர் அட்டையின் மூலையில் செருகினேன். அம்மா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, காதைப் பார்த்து, தலைமுடியில் இரண்டு தரம் இழுத்துக்கொண்டாள். "நல்லா வழவழன்னு இருக்கு. யார் செஞ்சது?" என்று கேட்டாள்.

உட்காரச் சொல்லி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.

(அடுத்த வாரம்: ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரத்துப் புட்டிச் சூளைகளுக்குள்)