பாட்டியின் சைக்கிள்: ஒரு கால்பந்தாட்டத்தை முன்வைத்து

சில வருஷங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். களியாட்டமும் எதிர்நினைவும் பற்றியது. பக்தினைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, 1988இல் மேற்கு ஜெர்மனியைக் கால்பந்தில் வென்ற இரவில் ஹாலந்துக்காரர்கள் தெருவில் போட்ட ஆட்டத்தை, ஆதிக்கத்துக்கு எதிரான வெகுசனச் சிரிப்பு என்பதாக விளக்கியிருந்தேன். கைதட்டினார்கள். தேநீர் இடைவேளையில் தோழர் ஒருவர், தொழிற்சங்கக்காரர், பக்கத்தில் வந்து, "எல்லாஞ் சரிங்க, அந்த சைக்கிள் யாரோடது?" என்று கேட்டார். பதில் வரவில்லை. ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்குத் தாமதமாக நான் சொல்லும் பதில் இது. பழைய கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதும்தான்.

எந்த சைக்கிள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1988 ஜூன் 21, ஹாம்பர்க் நகரில் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி. பெனால்டியில் மத்தேயஸ் அடித்து ஜெர்மனி முந்தியது. பெனால்டியிலேயே கூமன் சமன் செய்தார். ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஃபான் பாஸ்டன் சறுக்கிக்கொண்டே தட்டிவிட்ட பந்து வலைக்குள் போனது. 2-1. முடிந்தபின் சட்டை மாற்றிக்கொள்வது ஆட்டக்காரர்களின் வழக்கம். ஓலாஃப் தோனிடமிருந்து வாங்கிய சட்டையால் கூமன், பார்வையாளர் முன்னிலையில், தன் பின்புறத்தைத் துடைத்துக் காட்டினார். நாலு நாள் கழித்து சோவியத் அணியை வென்று கோப்பையையும் வாங்கினார்கள். ஆனால் ஹாலந்துக்காரர்கள் மனசில் நின்றது அரையிறுதிதான்.

அன்றிரவு ஹாலந்தின் தெருக்களில் இறங்கிய கூட்டம் 1945 விடுதலைக்குப் பிறகு கண்டிராதது என்று சைமன் கூப்பர் தன் 1994 நூலில் எழுதுகிறார். ஆம்ஸ்டர்டாமின் லெய்ட்ஸெப்ளைன் சதுக்கத்தில் சைக்கிள்களைத் தூக்கி வானத்தில் வீசினார்கள். நம்ம சைக்கிள் திரும்பக் கிடைச்சிருச்சு என்று கத்தினார்கள். எதிர்ப்பியக்கத்தில் இருந்த ஒரு முதியவர், போரில் இப்போதுதான் ஜெயித்தது போலிருக்கிறது என்று தொலைக்காட்சியில் சொன்னாராம். பாட்டி, உங்க சைக்கிளக் கண்டுபிடிச்சுட்டேன் என்று ஒரு பதாகை, இந்த இரு அணிகளின் பகையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எடுத்துக்காட்டப்படுவது. அடுத்த வருஷமே இந்த ஆட்டங்களைப் பற்றிய கவிதைகளைத் தொகுத்துப் புத்தகமும் போட்டார்கள். (கால்பந்துக்காரர்களும் அதில் கவிதை எழுதியிருக்கிறார்கள். நம்மூர்க் கவிஞர்களைப் பந்து விளையாடச் சொன்னால் என்ன ஆகும்?)

நகைச்சுவையின் பின்னணி இதுதான். 1940 மே மாதம் ஜெர்மன் படை நுழைந்தது. ராட்டர்டாம் நகரைக் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கியதும் ஹாலந்து பணிந்தது. ஐந்து வருஷ ஆக்கிரமிப்பில் சனங்களின் சைக்கிள்களைப் படை பிடுங்கிக்கொண்டது. 1944-45 குளிர்காலத்தில் பட்டினியால் ஏறத்தாழ 20,000 பேர் செத்தார்கள். சைக்கிள் இல்லாமல் ஹாலந்தில் வாழ்க்கை இல்லை. கிராமத்துக்குப் போய் நாலு உருளைக்கிழங்கு வாங்கி வரவும் அதுதான் வேண்டும். ஆக, சைக்கிள் வெறும் பொருளல்ல, இழப்பு முழுவதற்குமான குறிப்பான். 1988இல் இருபது வயசான பையன் தன் பாட்டியின் இழப்பை ஒரு துணியில் எழுதி மைதானத்துக்கு எடுத்துவருகிறான். பலவீனன் பலசாலியைப் பார்த்துச் சிரிக்கிறான். இதுவரைக்கும்தான் என் பழைய கட்டுரை வந்திருந்தது.

தோழரின் கேள்வி என்னை ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்புக்குக் கொண்டுபோய் விட்டது. கல்லூரி நாளிலேயே படித்த புத்தகம்தான். 1942 ஜூனில் அந்தப் பெண் எழுதிய ஒரு பட்டியல் அதில் இருக்கிறது. யூதர்கள் டிராமில் ஏறக்கூடாது, இன்ன நேரத்துக்குப் பிறகு வெளியே வரக்கூடாது என்று போகிற அந்தப் பட்டியலில், யூதர்கள் தங்கள் சைக்கிள்களை ஒப்படைத்துவிட வேண்டும் என்பதும் ஒன்று. படித்திருந்தும் கண்ணில் படாத வரி. மற்றவர்களின் சைக்கிள்களைப் படை வேட்டையாடத் தொடங்கியது அதற்கப்புறம். அதே ஜூலையில், 15ஆம் தேதி, வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ஆஷ்விட்ஸுக்கு முதல் ரயில் புறப்பட்டது. ஹாலந்தில் இருந்த யூதர்கள் சுமார் 1,40,000 பேர். அதில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். நாலில் மூன்று பங்கு. மேற்கு ஐரோப்பாவில் வேறெங்கும் இந்த விகிதம் இல்லை.

இதை ஜெர்மானியர் மட்டும் தனியாகச் செய்துவிடவில்லை. குடிமக்கள் பதிவேடு ஹாலந்து அலுவலர்கள் கையில் ஒழுங்காக இருந்தது. வீடு வீடாகப் போய்க் கூட்டிவந்ததில் ஹாலந்துப் போலீஸும் இருந்தது. ஆம்ஸ்டர்டாம் நகராட்சி டிராம் ரயிலடிவரை ஏற்றிக்கொண்டுபோய்க் கட்டணம் வாங்கிக்கொண்டது. ஹாலந்து ரயில்வேயும் காசு வாங்கிக்கொண்டுதான் ஓட்டியது. ரயில்வே மன்னிப்புக் கேட்டது 2005இல், நஷ்டஈடு தர ஒத்துக்கொண்டது 2018இல். பிரதமர் ரூட்டே அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டது 2020இல்.

இப்போது அந்தப் பதாகையைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். முதலில் சைக்கிளை இழந்த பாட்டிகளில் பெரும்பாலோருக்குப் பதாகை பிடிக்கப் பேரன் இல்லை. பதாகையில் வருகிற பாட்டி, சைக்கிளை இழந்தாலும் உயிரோடிருந்து பேரன் எடுத்தவள். அவள் இழப்பு பொய் இல்லை, பட்டினியும் பொய் இல்லை. ஆனால் தேசம் தன் துயரத்துக்கு ஒரு படம் வேண்டும் என்று தேடியபோது, பக்கத்து வீடு காலியானது அதற்குத் தோதுப்படவில்லை. ஏனென்றால் பக்கத்து வீடு காலியானபோது திரைச்சீலையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யார் என்ற கேள்வி வரும். சைக்கிளில் அந்தத் தொல்லை இல்லை. எடுத்தவன் அவன், இழந்தவன் நான், கணக்கு நேர்.

தெரியாமல் நடந்த மறதி என்றும் சொல்ல முடியாது. ஹாலந்து யூதர்களின் அழிவைப் பற்றி யாக் பிரெஸ்ஸரின் பெருநூல் 1965இலேயே வந்து, பரவலாக வாசிக்கப்பட்டு, நாட்டையே சங்கடப்படுத்தியது. சைக்கிள் சிரிப்பு உச்சத்துக்குப் போனது அதற்கு இருபது வருஷத்துக்குப் பிறகு. சொந்தக் குற்றம் தெரிய வரவர எதிரியின் மேலுள்ள வெறுப்பும் சத்தமும் கூடியது என்பது என் வாசிப்பு. தேசம் என்பதே சேர்ந்து மறப்பதால்தான் உருவாகிறது என்று ரெனான் 1882இல் சொன்னதை ஆண்டர்சன் வழியாக நாமெல்லாம் மேற்கோள் காட்டிக் காட்டித் தேய்த்துவிட்டோம். ஞாபகப்படுத்திக்கொண்டே மறக்கவும் முடியும் என்பதை இந்தச் சதுக்கத்தில்தான் நான் பார்த்தேன்.

1974 பற்றி ஒரு விஷயம். ம்யூனிக் இறுதியாட்டத்தில் ஜெர்மானியன் ஒருவன்கூடப் பந்தைத் தொடுவதற்கு முன்பே ஹாலந்துக்கு ஒரு பெனால்டி, ஒரு கோல். அப்புறம் எதிரியைக் கேலி செய்வதுபோல் பந்தைத் தங்களுக்குள் உருட்டிக்கொண்டிருந்து 2-1 என்று தோற்றார்கள். அந்த அணியில் விம் ஃபான் ஹாநெகெம் என்று ஒருவர். ஜெர்மானியர் மீதான வெறுப்பை அவர் மறைத்ததில்லை. போரில் அவருடைய தகப்பனாரும் உடன்பிறந்தாரும் செத்துப்போனார்கள். 1944 செப்டம்பர் 11, பிரெஸ்கென்ஸ் துறைமுகத்தில் குண்டு விழுந்தபோது அவர் ஏழு மாசக் குழந்தைகூட ஆகவில்லை. குண்டு போட்டவை நேச நாட்டு விமானங்கள், பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மன் படையைக் குறிவைத்து வந்தவை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். படையெடுத்து வந்தவன் வராமல் இருந்திருந்தால் குண்டும் விழுந்திருக்காது என்று அவர் நினைத்தால் அதற்கு யார் என்ன சொல்ல முடியும்? ஆனால் ஒரு மனிதனின் இவ்வளவு சிக்கலான துக்கம் மைதானத்துக்கு வரும்போது எப்படி ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது பாருங்கள். ரசிகனுக்கு அந்த ஒற்றை வரிதான் வேண்டும். விமானம் யாருடையது என்பது அவனுக்கு வேண்டாத தகவல்.

ஜெர்மானிய ரசிகர்களுக்கு இது ரொம்பக் காலம் புரியவே இல்லை. அவர்களுக்கு ஹாலந்து இன்னொரு நல்ல அணி, அவ்வளவுதான்.

அதே ஹாலந்தின் மைதானங்களில் உள்ளூர் ஆட்டங்களின்போது கேட்கும் இன்னொரு சத்தத்தையும் சொல்லணும். ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கிளப்புக்கு யூதர்களின் கிளப் என்று பெயர். யூதரல்லாத அதன் ரசிகர்களே தங்களை யூதர்கள் என்று சொல்லிக்கொண்டு தாவீதின் நட்சத்திரக் கொடி பிடித்தார்கள். எதிரணி ரசிகர்களில் ஒரு பகுதியினர் வாயால் 'ஸ்ஸ்ஸ்' என்று சீறுவார்கள். பாம்பு மாதிரி என்று நினைத்தேன். விஷவாயு திறக்கும் சத்தமாம் அது. ஆட்டத்தையே நிறுத்துகிற அளவுக்குப் போயிருக்கிறது. ஜெர்மனியோடு ஆடும்போது நாடே நாஜிகளால் பாதிக்கப்பட்ட பாட்டியின் பேரன். உள்ளூர் ஞாயிற்றுக்கிழமையில் அதே நாட்டின் வாயில் விஷவாயு. களியாட்டம் மேல்-கீழைப் புரட்டிப்போடும் என்று எழுதிய நான் இதை எங்கே வைப்பது? கூட்டம் சிரித்தாலே அதிகாரத்துக்கு எதிரானது என்று நம்புவது சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டிருக்கிறது.

1988 அணியின் தலைவர் குல்லிட், தடுப்பாட்டக்காரர் ரைகார்ட். இருவரின் தகப்பன்மாரும் சுரிநாமிலிருந்து வந்தவர்கள். சுரிநாம் 1975வரை ஹாலந்தின் காலனி, கரும்புத் தோட்ட அடிமைகளின் நாடு. வெள்ளை ரசிகர்கள் குல்லிட்டின் சடைமுடி மாதிரிப் பொய்முடி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அந்தத் தகப்பன்மாரின் பாட்டிகளிடமிருந்து யார் எதை எடுத்தார்கள் என்று பதாகையில் வரவில்லை. ஜெர்மானியரிடமிருந்து விடுபட்ட இரண்டே வருஷத்தில், 1947இல், இந்தோனேசியாவைத் திரும்பப் பிடிக்கப் படை அனுப்பியவர்களும் இவர்களே. அதற்கு 'போலீஸ் நடவடிக்கை' என்று பெயர் வைத்தார்கள். அங்கே நடந்த கொடூரம் திட்டமிட்ட அளவில் நடந்தது என்று ஆய்வாளர்கள் சொல்லி அரசு மன்னிப்புக் கேட்டது 2022இல்தான்.

நம்ம கரையில் இவர்களை ஒல்லாந்தர் என்போம். பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டினார்கள். துணி வாங்க வந்தவர்கள் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சத்தில் அடிபட்ட சனங்களை ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கி அங்கிருந்து பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள் என்பது பாடத்தில் இல்லை. ஒல்லாந்தர் கல்லறையின் வாசலில் எலும்புக்கூடு செதுக்கிவைத்திருப்பதைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். கப்பலேறியவர்களுக்குக் கல்லறை ஏது?

ஒன்று சொல்லாமல் விட்டால் அநியாயம். 1941 பிப்ரவரி 25, 26 தேதிகளில் ஆம்ஸ்டர்டாம் தொழிலாளர்கள், யூதர்களைப் பிடித்துக்கொண்டு போவதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். டிராம் தொழிலாளிகள் வண்டியை எடுக்கவில்லை. முன்னின்று நடத்தியது தடைசெய்யப்பட்டிருந்த கம்யூனிஸ்டுக் கட்சி. துப்பாக்கிச் சூடு நடந்தது, பிறகு மரண தண்டனை விதித்துச் சுட்டுக்கொல்லவும் செய்தார்கள். வருஷாவருஷம் நினைவுகூர்கிறார்கள். மைதானத்துக்குக் கொண்டுவர அதுவல்லவா பதாகை? ஆனால் அதை எழுதினால், மறுவருஷம் அதே டிராம் என்ன செய்தது என்பதையும் எழுத வேண்டியிருக்கும்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1990 உலகக் கோப்பையில் ரைகார்ட் ஃபோலர் மீது எச்சில் துப்பினார், இருவரும் வெளியேற்றப்பட்டார்கள். சில வருஷத்தில் இருவரும் குளியல் அங்கி போட்டுக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்து வெண்ணெய் விளம்பரத்தில் நடித்தார்கள். எச்சிலை வெண்ணெயாக்கும் ரசவாதம் மூலதனத்துக்குத் தெரியும். 1993இல் சோலிங்கன் நகரில் துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீவைத்து ஐந்து பேரைக் கொன்றபோது, நான் கொதித்துப்போயிருக்கிறேன் என்று அச்சிட்ட தபாலட்டைகள் ஹாலந்திலிருந்து ஜெர்மன் பிரதமர் கோலுக்குப் போயின. பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல். தங்கள் நாட்டுத் துருக்கியரும் மொராக்கோக்காரரும் எப்படி இருக்கிறார்கள் என்று தங்கள் பிரதமருக்கு அத்தனை அட்டை போடவில்லை. இப்போது அந்த வெறுப்பு வெகுவாக வடிந்துவிட்டது. சைக்கிள் ஜோக்கைச் சொன்னால் இளசுகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்தக் கருத்தரங்கக் கட்டுரைகளைத் தொகுப்பாகப் போடப்போகிறார்களாம். என்னுடையதை எடுத்துவிடச் சொல்லி எழுதிவிட்டேன். அதற்குப் பதிலாக இதைத் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். தோழருக்கு ஒரு படி அனுப்பியிருக்கிறேன், அவர் படித்துவிட்டுச் சொல்லட்டும்.